கரை பெஞ்சு மாநாட்டுக்குப் போன கதை

நூலகர் மாநாடு பற்றிய சுற்றறிக்கை வந்த அன்று நான் செய்த முதல் காரியம், அதை மேசை இழுப்பறைக்குள் தள்ளி மூடியதுதான். என் சுபாவம் அப்படி. பிடிக்காத தாள் கண்ணில் படக்கூடாது. கொஞ்ச நேரம் கழித்து நானே இழுப்பறையைத் திறந்து அதை வெளியே எடுத்தேன். எங்கள் பெஞ்சின் தலையெழுத்து அந்தத் தாளில்தான் இருந்தது.

கிளை நூலகர்களும் தங்கள் அனுபவத்தை மாநாட்டில் முன்வைக்கலாம் என்று அதில் எழுதியிருந்தது. எப்படி முன்வைப்பது என்பதை மட்டும் நாமே முடிவு செய்து முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். கட்டுரை வாசிக்கலாம். ஸ்லைடு போட்டுக் காட்டலாம். அட்டையில் எழுதி, வரைந்து சுவரில் மாட்டலாம். அல்லது செயல்விளக்கம் செய்யலாம். ஒருமுறை எழுதி அனுப்பிவிட்டால் பிறகு மாற்ற முடியாது. கல்யாணம் மாதிரிதான்.

எழுபதுகளின் தொடக்கம் அது. மணலி எண்ணெய் ஆலையின் தீ எங்கள் மொட்டை மாடியிலிருந்து தெரியத் தொடங்கியிருந்த வருடங்கள். காசிமேட்டில், கடலுக்குப் போகிற ஒரு சந்தின் முனையில், ஓடு வேய்ந்த வாடகை வீட்டில் எங்கள் கிளை நூலகம் இருந்தது. நான்தான் அதன் நூலகர். ராயபுரத்தில் மாதா கோயில் மணி கேட்டு வளர்ந்து, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவரைக் கட்டிக்கொண்டு, நூலகப் பயிற்சிச் சான்றிதழ் ஒன்றைக் கையில் வைத்திருந்தவள். அந்தச் சான்றிதழ் வாங்கிய தெம்பில், எண் ஒட்டிய புத்தகங்களைப் பாடவாரியாகக் கண்ணாடி அலமாரிகளில் அடுக்கி, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒருவரும் வரவில்லை. மழைக்கு ஒதுங்கியவர்களைக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் ஜனங்கள் அலமாரியிடம் போய்ப் புத்தகம் தேட மாட்டார்கள். அவர்களுக்கு எல்லாமே கரையில் வந்து விழ வேண்டும். படகு வந்து வலை கொட்டினால் எல்லோரும் சுற்றி நிற்பார்கள், பார்ப்பார்கள், பேசுவார்கள், பிறகுதான் கை வைப்பார்கள். நூலகத்துக்குள் நுழைந்தாலும் அவர்கள் கேட்கிற முதல் கேள்வி, “இன்னிக்கு இன்னா வந்துகீது?” என்பதுதான். எந்தப் புத்தகம் திரும்பி வந்திருக்கிறது என்று அர்த்தம். அடுத்த வீட்டுக்காரி படித்துவிட்டுக் கொண்டுவந்த புத்தகத்துக்கு இருந்த மதிப்பு, புதிதாக வந்த புத்தகத்துக்குக்கூட இல்லை. அதனால் திரும்பி வருகிற புத்தகங்களை அலமாரியில் ஏற்றாமல், வாசலுக்கு நேராக ஒரு நீள பெஞ்சைப் போட்டு அதில் பரப்ப ஆரம்பித்தேன். அதற்கு யார் பெயர் வைத்தார்கள் என்று தெரியாது, ஆனால் எல்லோருக்கும் அது கரை பெஞ்சு.

புத்தகத்தைக் கொண்டுவந்தவர் சும்மா வைத்துவிட்டுப் போக முடியாது. பெஞ்சுக்கு முன்னால் நின்று கதை எப்படி என்று சொல்ல வேண்டும். முடிவை மட்டும் சொல்லக்கூடாது. ஒருத்தி வாய் தவறி ஒரு கதையின் முடிவைச் சொல்லிவிட்டதில், அவளும் அவள் நாத்தனாரும் தவக்காலம் முழுக்கப் பேசிக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு, முடிவைச் சொன்னவர் தலையில் தேனீ வளர்ப்புப் புத்தகத்தைக் கட்டுவது என்று வழக்கமாயிற்று. மேலிடத்திலிருந்து வந்த தடிப் புத்தகம் அது. கருவாட்டு ஈயைத் தவிர வேறொன்றும் பறக்காத எங்கள் தெருவுக்கு அதை எந்தப் புண்ணியவான் தேர்ந்தெடுத்தாரோ தெரியாது. அதை எடுத்துப் போய்ப் படித்து, பெஞ்சுக்கு முன்னால் வந்து சொன்னால்தான் அடுத்த புத்தகம். இந்தப் பயத்தில் எல்லோரும் வாயை அடக்கிக்கொண்டார்கள்.

சாயங்காலமானால் வியாபாரம் முடித்த மீன்காரப் பெண்கள், ஷிப்டு முடிந்த துறைமுகத்து ஆட்கள், இவர்களின் இரைச்சல், இடையில் ஒருத்தி அழுதுகொண்டே கதை சொல்வது, இன்னொருத்தி அவளை அதட்டுவது. நான் பிறந்து வளர்ந்தது அந்தப் பக்கம்தான் என்றாலும், இந்த ஜனங்களை எனக்கு இவ்வளவு பிடிக்கும் என்று தெரிந்தது அந்த பெஞ்சு வந்த பிறகுதான்.

மேலதிகாரி ஆய்வுக்கு வந்தது அப்படிப்பட்ட ஒரு சாயங்காலத்தில். ஒல்லியான மனிதர், வெயிலானாலும் மழையானாலும் கையில் குடை. எந்தப் புத்தகத்தையும் இரண்டு கையாலும் எடுப்பார், அதனால் அவரை என்னால் முழுதாக வெறுக்க முடியவில்லை. வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே ஒரு மீன்காரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரு குடும்பக் கதையில் வரும் மாமியாரைத் திட்டிக்கொண்டிருந்தாள். அவளை நாங்கள் எல்லோரும் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவோம். கன்னியர் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள், குரல் மட்டும் ஊருக்கே கேட்கும்.

“ஏம்மா, இது நூலகமா, ஏலம் விடற இடமா?” என்றார் அதிகாரி.

“புத்தகம் போகுது சார். அலமாரியில வெச்சா போகலை” என்றேன்.

“எண் வரிசை இல்லை. அமைதி இல்லை. ஒழுங்குன்னு ஒண்ணு இல்லாத இடத்துக்கு நூலகம்னு பேர் வைக்க முடியாது. பெஞ்சை எடுத்துடுங்க.”

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு வார்த்தை வந்ததோ. சந்தின் மறுமுனை வரை அவர் பின்னாலேயே பேசிக்கொண்டு நடந்தேன். அவர் கடைசியில் குடையை விரித்துக்கொண்டே சொன்னார். “மாநாடு வருது. அங்க வந்து இதை முன்வையுங்க. நாலு பேர் கேட்கட்டும், நானும் கேட்கறேன். எனக்குச் சரின்னு பட்டா பெஞ்சு இருக்கட்டும். இல்லேன்னா வெளியே போகணும். அதுக்கப்புறம் இந்தப் பேச்சே கூடாது.”

சுற்றறிக்கையை இழுப்பறைக்குள் தள்ளியதற்குக் காரணம் இப்போது விளங்கியிருக்கும்.

முதலில் கட்டுரை என்றுதான் நினைத்தேன். படித்தவர்கள் கூடுகிற இடம், கட்டுரைதான் மரியாதை. எழுதினேன். அதற்குத் தலைப்பு, முன்னுரை, பொருளுரை எல்லாம் இருந்தன. “மீண்டுவரும் நூல்களைத் திறந்த நிலையில் வைத்தலும் வாசகர் நாட்டமும்” என்று நானா எழுதினேன் என்று எனக்கே பெருமையாக இருந்தது. என் வீட்டுக்காரர் ஷிப்டு முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்ததும் வாசித்துக் காட்டினேன். அவர் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டே சாப்பிட்டார். கடைசிப் பக்கம் வந்ததும் கேட்டார்.

“எல்லாம் சோக்கா கீது. நம்ம லைப்ரரி பத்தி எப்ப வரும்?”

“இவ்ளோ நேரம் அதைத்தாங்க படிச்சேன்.”

“இதுவா?” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “இல்ல, நல்லாத்தான் கீது” என்று சொல்லி வேகமாகக் கை கழுவப் போய்விட்டார்.

அன்று ராத்திரி அவருடன் நான் பேசவில்லை. மறுநாள் கட்டுரையை நானே ஒருமுறை படித்துப் பார்த்தேன். அதில் மீன் வாடையே இல்லை. பெரியக்காவும் இல்லை. எந்த ஊர் நூலகத்துக்கு வேண்டுமானாலும் அதைப் பொருத்திக்கொள்ளலாம்.

செய்த பாவத்துக்குப் பரிகாரமாக வீட்டுக்காரர் அட்டையில் படம் வரைந்து தருகிறேன் என்று கிளம்பினார். கிரேனில் உட்கார்ந்து மேலிருந்தே எல்லாவற்றையும் பார்த்துப் பழகியவர் இல்லையா, பெஞ்சையும் மேலிருந்து பார்ப்பது போலவே வரைந்தார். சவப்பெட்டி மாதிரி இருந்தது. சுற்றி நிற்கும் மனிதர்கள் எல்லாம் வெறும் வட்டம். துக்க வீட்டுப் படத்தை மாநாட்டில் மாட்ட முடியாது என்று சொல்லி அதை மடித்துப் பரண்மேல் போட்டேன்.

அப்புறம்தான் ஸ்லைடு. இது எனக்கு உண்மையாகவே பிடித்திருந்தது. இருட்டறையில் சுவர் முழுக்க எங்கள் பெஞ்சு தெரியும், அதைச் சுற்றி ஆட்கள் வாய் திறந்து பேசிக்கொண்டிருப்பார்கள், அதிகாரி பார்க்காமல் இருக்க முடியாது. ராயபுரத்தில் ஸ்டூடியோ வைத்திருந்த ஒருவரிடம் போனேன். கல்யாணம், மாதா கோயிலில் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற புதுநன்மை, சாவு மூன்றுக்கும் எங்கள் பக்கத்தில் அவர்தான் படம் எடுப்பார். என் பேச்சை முழுதாகக் கேட்டுவிட்டு, “மாநாடா? அப்போ நம்ம ஏரியா பேரு கெடாம எடுத்துத் தரேன். கூலிய பத்திப் பேசாத தங்கச்சி” என்றார். அந்த வாக்கியத்திலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

படம் எடுக்கிற நாளன்று மாதாந்தர அறிக்கையைக் கொடுக்க நான் அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. பஸ் தாமதமாகி, வேர்த்து விறுவிறுத்து சந்துக்குள் நுழைந்தேன். வாசலில் செருப்புகள் ஜோடி ஜோடியாக வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. எங்கள் ஆட்கள் செருப்பை அப்படி வைத்து நான் பார்த்ததே இல்லை. உள்ளே சத்தமே இல்லை. யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

எட்டிப் பார்த்தால், எல்லோரும் இருந்தார்கள். பெரியக்கா கல்யாணப் பட்டுப் புடவையில் இருந்தாள். தலை நிறைய கனகாம்பரம். மற்ற பெண்களும் பெட்டிக்குள் பாச்சை உருண்டையோடு கிடந்த புடவைகளில். துறைமுகத்து ஆட்கள் வெள்ளைச் சட்டையில், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு. முன் வரிசை நாற்காலியில் உட்கார்ந்து, பின் வரிசை நின்றபடி, ஒவ்வொருவரும் ஒரு புத்தகத்தை மூடியபடியே நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, மூச்சுகூட விடாமல் இருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் அலமாரிகளைக் காணோம். ஸ்டூடியோவிலிருந்து கொண்டுவந்த திரை தொங்கியது. பூந்தோட்டமும் நீரூற்றும் இரண்டு அன்னமும் வரைந்த திரை. புதுநன்மைப் படத்தில் எனக்குப் பின்னால் தொங்கியதும் அதே அன்னங்கள்தான்.

“அசையாதீங்க, அசையாதீங்க” என்றார் ஸ்டூடியோக்காரர். “தங்கச்சி, நீயும் நடுவுல போய் உக்காரு.”

“பெஞ்சு எங்கே?” என்றேன்.

யாரும் வாயைத் திறக்கவில்லை. வாய் திறந்தால் படம் கெட்டுவிடுமாம். பெரியக்கா கண்ணாலேயே பின்பக்கம் காட்டினாள். போய்ப் பார்த்தேன். கொல்லைப்புறத்தில் கக்கூஸ் சுவரோரமாக பெஞ்சு கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் சாக்கு வேறு போட்டு மூடியிருந்தார்கள்.

அப்போது நான் கத்திய கத்தலில் பின் வரிசை கலைந்துவிட்டது. பெரியக்காவுக்கு என் கோபம் பிடிபடவே இல்லை.

“இன்னாம்மே இப்டி கூவுற? அது கலீஜா கீது, கால் ஆடுது. நாலு பெரிய மன்ஷன் பாக்கற போட்டோவுல அத வெச்சா உன்ன இன்னா நெனப்பாங்க? உன்கோசரம்தான் எட்த்து அப்பால போட்டோம்.”

பெஞ்சைக் காப்பாற்றுவதற்காக எடுக்கிற படத்துக்கு பெஞ்சு அவமானம் என்று நினைத்து வெளியே போட்டிருக்கிறார்கள். அதிகாரி சொன்னதை அவர்களே, அதுவும் என்மேல் உள்ள பிரியத்தால், செய்து முடித்திருக்கிறார்கள். இதற்குமேல் என்ன சொல்வது? அந்தக் கூட்டத்தின் நடுவில் போய் உட்கார்ந்தேன். படம் எடுத்தார்.

அந்தப் படம் இன்றும் என்னிடம் இருக்கிறது. தமிழ்நாட்டிலேயே இவ்வளவு ஒழுங்கான நூலகம் இருந்திருக்காது. அமைதி, வரிசை, சுத்தம் எல்லாம் அதில் உண்டு. நடுவில் நான் மட்டும் உர்ரென்று உட்கார்ந்திருக்கிறேன். அதிகாரி இதைப் பார்த்திருந்தால், “இப்படித்தாம்மா இருக்கணும்” என்று சொல்லிச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார். எங்கள் ஆட்களுக்கோ படம் உயிராகிவிட்டது. ஆளுக்கொரு பிரதி கேட்டார்கள். பெரியக்கா வீட்டில் ஏசுவின் திருஇருதயப் படத்துக்குப் பக்கத்திலேயே அது மாட்டப்பட்டது.

அந்தக் கோபம் ஒரு நாளுக்குமேல் தாங்கவில்லை. படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து உற்றுப் பார்த்தேன். நூலகத்துக்காக அவர்கள் பெட்டியைத் திறந்து பட்டுப் புடவை எடுத்திருக்கிறார்கள். என்னைக் கௌரவமாகக் காட்ட வேண்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டுக்காரர் பயந்துபோய், “நான் வேணா இன்னொரு தபா வரையட்டா?” என்றார்.

அழுது முடித்தபோதுதான் ஒன்று புத்தியில் உறைத்தது. என் கட்டுரையும் இதே பட்டுப் புடவைதான். யாருக்காவது காட்ட வேண்டும் என்று வந்துவிட்டால் நாங்கள் எல்லோரும் அலங்காரம் பண்ணிக்கொள்வோம், அதில் படித்தவள் படிக்காதவள் என்ற வித்தியாசமே கிடையாது. இவர்களை மாநாட்டுக்கு நேரில் கூட்டிப்போனாலும் அன்னத்துக்கு முன்னால் நிற்பது போலத்தான் நிற்பார்கள். அலங்காரம் பண்ணிக்கொள்ளத் தெரியாதது அந்தக் கால் ஆடும் பெஞ்சு ஒன்றுதான். அதையே கொண்டுபோய்ப் போட வேண்டும். பேசுவதற்கு மாநாட்டுக்கு வந்தவர்களே இருக்கிறார்களே, அவர்கள் பேசட்டும். செயல்விளக்கம் என்று எழுதி, மனசு மாறுவதற்குள் தபாலில் சேர்த்தேன்.

அதிகாரி அதைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டு அனுப்பினார். “செயல்விளக்கம்னா என்னன்னு தெரியுமாம்மா? பைண்டிங் செய்யறவங்களும் பூச்சி மருந்து அடிக்கறவங்களும் செய்து காட்டறதுக்காக வெச்சது. நீங்க என்ன செய்து காட்டப்போறீங்க?”

“பெஞ்சைத்தான் சார்.”

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். கட்டுரை என்று எழுதியிருந்தால் காப்பாற்றியிருக்கலாமே என்கிற பார்வை அது.

மாநாடு யானைக்கவுனியைத் தாண்டி ஒரு கல்லூரி மண்டபத்தில் நடந்தது. முந்தின நாள் பெண்கள் பெஞ்சைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, எலுமிச்சைத் தோலால் துடைத்து, வெயிலில் காயவைத்திருந்தார்கள். அப்படியும் அதன் வாடை அதைவிட்டுப் போகவில்லை. வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டு, பெரியக்காவின் தம்பியிடம் மீன் ஏற்றுகிற மூன்று சக்கர வண்டியை வாங்கி, அதில் பெஞ்சைக் கட்டி மிதித்துக்கொண்டு வந்தார். நான் பின்னால் புத்தகப் பையோடு ரிக்‌ஷாவில். மண்டப வாசலில் காவல்காரர், “மீன் வண்டிலாம் பின்பக்கம்” என்றார். “இது மாநாட்டு வண்டிப்பா” என்றார் வீட்டுக்காரர், கொஞ்சமும் சிரிக்காமல்.

செயல்விளக்கக்காரர்களுக்கு மண்டபத்தை ஒட்டிய தாழ்வாரத்தை ஒதுக்கியிருந்தார்கள். எனக்கு ஒரு பக்கம் பைண்டிங் செய்கிறவர் கோந்துச் சட்டியோடு இருந்தார். மறுபக்கம் புத்தகப் பூச்சியைக் கொல்கிறவர் மருந்து டின்னோடு. இரண்டுக்கும் நடுவில் எங்கள் பெஞ்சு. சாப்பாட்டுக்குப் பிறகு மண்டபத்திலிருந்து வந்த நூலகர்கள் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார்கள். அதிகாரி ஒரு தூணோரம் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். நான் புத்தகப் பையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து, “கிரேன்ல மொதோ தபா ஏறசொல்ல எனக்கும் இப்டிதான் இருந்துச்சு. கீய பாக்காத, பேசு” என்றார்.

“வெளியூர்லேருந்து ரயில்ல வந்தவங்க நிறைய பேர் இருக்கீங்க” என்று ஆரம்பித்தேன். “வழியில படிக்க ஏதாவது கொண்டுவந்திருப்பீங்க. அது உங்க பையிலேயே இருக்கும். அதை எடுத்து இந்த பெஞ்சுல வெச்சு, என்ன கதைன்னு சொல்லுங்க. அவ்வளவுதான்.”

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிலர் பையை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு தெற்குச் சீமையிலிருந்து வந்த ஒரு பருமனான நூலகர், காலையில் மேடையில் புத்தகத் தேர்வு பற்றி ஒரு கனமான கட்டுரை வாசித்தவர், பைக்குள் கைவிட்டு, செய்தித்தாள் அட்டை போட்ட ஒரு புத்தகத்தை எடுத்தார். அட்டையைப் பிரித்தால் துப்பாக்கியும் ஒரு பெண்ணும்.

“இது வீட்டம்மா படிக்கக் கேட்டது” என்றார்.

தாழ்வாரமே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். ஆனால் கதை சொல்ல ஆரம்பித்ததும் ஆளே மாறிப்போனார். பைண்டிங்காரர் கோந்துக் கையோடு எழுந்து வந்து, “அப்புறம் இன்னா ஆச்சு?” என்றார். அதற்குப் பிறகு என்னால் யாரையும் தடுக்க முடியவில்லை. பைகள் திறந்தன. பேய்க் கதை, குடும்பக் கதை, பத்திரிகையிலிருந்து கிழித்து பைண்டு செய்த தொடர்கதை எல்லாம் பெஞ்சில் வந்து விழுந்தன. கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் கதாநாயகி படும் பாட்டைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒருவர் முடிவையும் சேர்த்தே சொல்லிவிட்டார். வேறு ஊர்க்காரர், விருந்தாளி, என்ன செய்வது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். பூச்சி மருந்துக்காரர் டின்னை மூடி வைத்துவிட்டு முன் வரிசைக்கு வந்திருந்தார்.

“நீங்க என்னம்மா படிச்சீங்க?” என்று யாரோ கேட்டார்கள்.

எங்கள் கிளையிலிருந்து கொண்டுவந்த ஒரு துப்பறியும் கதையை எடுத்தேன். அது சீல் வைத்த கூட்ஸ் வண்டிப் பெட்டியைப் பற்றிய கதை. ஊர் ஊராகப் போகிறது, சீல் உடையவே இல்லை. கடைசி ஸ்டேஷனில் திறந்தால் உள்ளே ஒரு பிணம். அதுவும், அந்தப் பெட்டி கிளம்பும்போது உயிரோடு இருந்து அதற்குக் கொடி காட்டிய ஆளின் பிணம். நான் சொல்லச் சொல்ல ஒரு தும்மல்கூடக் கேட்கவில்லை. துப்பறிகிறவர் சீலைக் கையில் எடுத்துப் பார்க்கிற இடத்துக்கு வந்தபோது, நேரம் முடிந்தது என்று மாநாட்டுச் செயலாளர் மணி அடித்துவிட்டார். எல்லோரும் மணியைத் திட்டினார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு அதிகாரி தூணை விட்டு வந்தார். பெஞ்சை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். அந்தத் துப்பறியும் கதையை இரண்டு கையாலும் எடுத்தார்.

“இது உங்க கிளைப் புத்தகம்தானே? என் பேர்ல எழுதிக்கங்க.”

“பெஞ்சு விஷயம் சார்?”

“இதைத் திருப்பித் தர வரும்போது சொல்றேன்.”

அதற்குப் பிந்தைய நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்குப் பாவமாக இருக்கிறது. பெஞ்சு பழைய இடத்தில்தான் கிடந்தது, வழக்கம்போல இரைச்சலும் இருந்தது, ஆனால் வாசலில் குடை நிழல் தெரிந்தால் எனக்கு உயிர் போய்த் திரும்பும். பெஞ்சு இல்லாமல் அந்த அறையில் உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. பழையபடி கண்ணாடி அலமாரிக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தால் நான் செத்தே போவேன் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். பெரியக்காவுக்கு வேறு கவலை.

“அந்த கூட்ஸ் வண்டி புக்கு எனக்குன்னு வெச்சிருந்தியே, எங்க அது?”

“அதிகாரி எடுத்துக்கினு போயிருக்காருக்கா.”

“அந்தாளுக்கு இன்னாத்துக்கு? ஆபீஸ்ல வேல இல்லியா?”

அவர் வந்தார். பெஞ்சு நிரம்பி, ஆட்களும் நிரம்பி வழிந்த சாயங்காலம். வழி விட்டு ஒதுங்கினார்கள். அவர் நேராக என் மேசைக்கு வந்து புத்தகத்தை நீட்டினார். நான் கை நீட்டுவதற்குள் பெரியக்காவின் குரல் குறுக்கே வந்தது.

“தோ சார், அங்க இல்ல, இங்க. கதைய சொல்லிட்டு வெய்யி.”

அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பெஞ்சுக்கு முன்னால் போய் நின்றார். ஆசிரியர் யார், பதிப்பு எப்போது வந்தது, பைண்டிங் எப்படி என்று ஆரம்பித்தார்.

“அதெல்லாம் இன்னாத்துக்கு சார்? கத இன்னா, அத சொல்லு.”

பிறகு சொல்ல ஆரம்பித்தார். நல்ல கதைசொல்லி என்று யார் நினைத்திருப்பார்கள்? ஸ்டேஷன் மாஸ்டர் சீல் வைத்தார், கூட்ஸ் வண்டி கிளம்பியது. அவர் குடை கைகாட்டி மரமாகிச் சாய்ந்தது. பெட்டியின் கதவு திறக்கிற இடத்தில் குரலை இறக்கினார். முன்னால் நின்றவர்கள் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்கள். நான்கூட எழுந்து நின்றுவிட்டேன். துப்பறிகிறவர் சீலைக் கையில் எடுத்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதிகாரி நெற்றியில் வேர்வையோடு எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். அவர் கதையை எங்கே கொண்டுபோகிறார் என்று எனக்குப் புரிந்தது, ஆனால் தடுக்க நேரமில்லை.

“கொன்னது வேற யாருமில்லை. அந்த ஸ்டேஷன் மாஸ்டரேதான்!” என்றார் வெற்றியோடு.

நூலகமே அலறியது. ஒரு துறைமுகத்து ஆள் தலையில் அடித்துக்கொண்டார். பெரியக்கா மடியிலிருந்த சுருக்குப் பையைத் தரையில் வீசினாள்.

“அய்ய! முடிவ சொல்ட்டியே சார்! எத்தினி நாளா அதுக்கோசரம் காத்துகினு கீறேன்! நல்லா இருப்பியா நீ?”

மேலதிகாரியை மீன்காரம்மா திட்டுகிறாள். பெஞ்சு இன்றோடு போயிற்று என்று முடிவு கட்டிவிட்டேன். அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

“என்னம்மா இது?”

“முடிவைச் சொல்லக்கூடாது சார். அதான் இங்க வழக்கம்.”

“யார் போட்ட விதி?”

“தெரியலை சார். எல்லாரும்தான்.”

“மாநாட்டுல சொல்லலையே. என்கிட்டயும் சொல்லலையே.”

“எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேன்னு...” என்று இழுத்தேன். கட்டுரையில் அத்தனை பக்கம் எழுதினேனே, இதை எழுதவே தோன்றவில்லை.

“ஒழுங்குன்னு ஒண்ணு இல்லைன்னுதானே இந்த பெஞ்சை எடுக்கச் சொன்னேன்? இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா அம்மா?” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. ஏமாந்துபோன பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது.

இதற்குள் பெரியக்கா அலமாரி மூலையிலிருந்து தேனீ வளர்ப்பை எடுத்து, புடவைத் தலைப்பால் தூசி தட்டி, அவரிடம் நீட்டிவிட்டாள். “இந்தா. தப்பு பண்ணா இதான். ஒயுங்கா படிச்சிட்டு, இங்க வந்து சொல்லணும். அப்பாலதான் வேற புக்கு.”

அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கனத்தைப் பார்த்தார். முதல் பக்கத்தைத் திறந்து பார்த்தார். பிறகு பெஞ்சைப் பார்த்தார்.

“இங்கேயே வந்துதான் சொல்லணுமா?”

“ஆமா சார்.”

“அப்போ பெஞ்சு இங்கேதான் இருந்தாகணும்” என்று சொல்லி, புத்தகத்தைப் பதிந்து தரும்படி என் மேசைமேல் வைத்தார்.

அவர் பெயருக்கு நேராகத் தேனீ வளர்ப்பு என்று எழுதிக் கொடுத்தேன். அவர் புத்தகத்தோடு கிளம்பினார்.

தேனீ வளர்ப்பைத் திருப்பித் தர அவர் வந்த சாயங்காலம் பெஞ்சைச் சுற்றி நிற்க இடமில்லை. ராணித் தேனீயைப் பற்றியும், மற்ற தேனீக்கள் அதற்கு ஊழியம் செய்வதைப் பற்றியும் அவர் சொல்லச் சொல்ல, பெரியக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். கூட்டுக்குள் இரண்டாவது ராணி ஒன்று பிறக்கிற இடத்துக்கு வந்ததும் சட்டென்று நிறுத்திக்கொண்டார். அப்புறம் என்ன ஆச்சு என்று எல்லோரும் கேட்டார்கள். “அது முடிவு. சொல்லமாட்டேன்” என்று சொல்லி, புத்தகத்தை பெஞ்சில் வைத்துவிட்டு நகர்ந்தார். அன்று தேனீ வளர்ப்பை யார் எடுத்துப்போவது என்று பெரியக்காவுக்கும் ஒரு துறைமுகத்து ஆளுக்கும் சண்டை வந்துவிட்டது. விலக்கிவிடப் போனவர் அதிகாரிதான்.